ரெண்டுங்கெட்டான் போல்ட்

கடைக்கு மேலே பலகையில் என்னவோ நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை இதுவரை யாரும் தலைநிமிர்ந்து படித்ததாகத் தகவல் இல்லை. பட்டறைத் தெருவில் 'கேஜ் அக்கா கடை' என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். பன்னிரண்டடி அகலம். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை தகர இழுப்பறைகள், மொத்தம் நானூற்றுப் பதினாறு. உள்ளே போல்ட்டு, நட்டு, வாஷர். நடுவில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் அக்கா. அக்காவின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில் தொங்குகிற மரை கேஜ்.

கேஜ் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பேனாக்கத்தி போல மடக்கி விரிக்கிற சாமான். கத்திக்குப் பதிலாக இருபத்தெட்டு எஃகுத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் சீப்பு மாதிரிப் பல். போல்ட்டைச் சுற்றி ஓடுகிற திருகுவரிதான் மரை. அதன்மேல் தகட்டை வைத்தால் பல் பள்ளத்தில் அப்படியே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அது அந்த அளவு. உட்காரவில்லையென்றால் இல்லை. சிபாரிசெல்லாம் செல்லாது.

அக்கா எந்த போல்ட்டையும் அளக்காமல் கொடுத்ததில்லை. இழுப்பறையில் எழுதியிருக்கும், டப்பாவில் அச்சடித்திருக்கும், வாங்குகிறவன் அதே போல்ட்டை நேற்றும் வாங்கியிருப்பான். ஆனாலும் ஒவ்வொன்றையும் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தகட்டை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவாள்.

"அக்கா, இது கதவுக் கொண்டிக்குத்தான்க்கா. ராக்கெட்டுக்கு இல்ல."

"கொண்டிக்கும் மரை இருக்குல்ல. நில்லு."

அவசரக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் தெருவே ஒத்துக்கொள்ளும், அக்கா கையால் வாங்கியதை மறுபடி அளக்க வேண்டியதில்லை. அவ்வளவு நேர்மை என்று பேசிக்கொள்வார்கள். அக்காவும் மறுப்பதில்லை. அது நேர்மை இல்லை, பயம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பயத்தின் கதை பதினோரு வருஷத்துக்கு முந்தியது.

அப்போது அவளுக்கு கேஜ் அக்கா என்ற பெயர் கிடையாது. மாமனார் முட்டிவலி தாங்காமல் கடையை மருமகள் கையில் கொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கொடுத்தார் என்று சொல்வதும் கொஞ்சம் தாராளம். 'ஒரு வருஷம் பார்ப்போம்' என்று கொடுத்தார். மகன், அதாவது அவள் புருஷன், போல்ட்டுக்கும் ஆணிக்கும் வித்தியாசம் கேட்டு வளர்ந்த ஆள். அவரை நம்பிக் கடையை விட முடியாது. மருமகளிடம் ஒரு தப்பு நடந்தால் கடையை அடுத்த தெருக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாக மாமனார் தினமும் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவளுக்குக் கை இருந்தது. கட்டைவிரல் நகத்தில் போல்ட்டை உருட்டினாலே மரை எத்தனை என்று சொல்லிவிடுவாள். கேஜ் வைத்துப் பார்ப்பதெல்லாம் கை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்தாள், வெளியிலும் சொன்னாள். மாமனாரின் கேஜ் அப்போது சுவரில் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய அண்ணன் அதே தெருவின் கோடியில் எஞ்சின் வேலை செய்துகொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரர். காதை வைத்துக் கேட்டே எஞ்சினுக்கு எங்கே வலி என்று சொல்லுவார். மற்ற கடைகளில் வாங்கினால் மூன்று தடவை அளப்பார். தங்கச்சி கடையில் வாங்கினால் அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். "பாப்பா குடுத்தா அளக்கறது எதுக்கு" என்பார். பாப்பாவுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு.

ஒரு நாள் அவரிடம் ஒரு பழைய கார் எஞ்சின் வந்தது. காருக்கு எழுபது வயது இருக்கும். உள்ளே சுற்றுகிற தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு மேலே ஒரு மூடி. அந்த மூடியை எஞ்சின் உடம்போடு பிடித்து நிறுத்துவது இரண்டு நீள போல்ட்டு. கழற்றும்போது ஒன்று உடைந்துவிட்டது. இன்னொன்றும் மரை தேய்ந்து சப்பையாகிக் கிடந்தது. உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் வந்தார். துண்டு என்றால் தலையும் கழுத்தும், அதற்குக் கீழே மூன்றே மூன்று மரையும்.

அவள் முதலில் தலையைப் பார்த்தாள். அங்குலக் கணக்கு ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. தலை அங்குலம் என்றால் உடம்பும் அங்குலம்தானே. நகத்தில் உருட்டினாள். பட்டறைக்காரர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்பார்கள். "இரண்டரை நூல், நெருக்க மரை" என்றாள். அண்ணன் சொன்ன நீளத்தில் இரண்டு எடுத்துக் கொடுத்தாள். மொத்தம் இரண்டு நிமிஷ வேலை.

அரை மணி நேரத்தில் அண்ணன் திரும்பி வந்து மேஜைமேல் குனிந்தார்.

"பாப்பா, மூணு சுத்து விரலாலேயே போகுது. நாலாவது சுத்துல இறுக்கமா இருக்கே."

கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மாமனார் வேறு அன்றைக்குப் பார்த்து மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் காதில் விழக்கூடாது என்று அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"புது மரை அப்படித்தான் இருக்கும்ண்ணா. அழுத்திப் போடுங்க."

அண்ணன் போனார். அழுத்திப் போட்டார். இரண்டு துளையிலும் உள்மரை வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

கார்க்காரர் கத்தவில்லை, அதுதான் மோசம். "உங்க கையை நம்பித்தான் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். அண்ணன் அந்தக் காரைத் தானே எடுத்துக்கொண்டு, கைச்சேமிப்பை அவரிடம் கொடுத்து அனுப்பினார். தெருவில் விஷயம் பரவியது. அவருக்கு 'முரட்டுக்கை' என்று பெயர் வைத்தார்கள். அவரும் அதை மறுக்கவில்லை. "கை கனத்துப்போச்சு. இனிமே இந்த வேலை நமக்கு வேண்டாம்" என்று ஸ்பேனர்களைக் கோணியில் போட்டுக் கட்டினார். ஒரு செருப்பு ஷோரூமில் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடுகிற வேலைக்குப் போய்விட்டார். சீருடையும் தொப்பியும் உண்டு.

தங்கச்சியும் அண்ணன் கைதான் கனத்துவிட்டது என்றே நம்பினாள். பாவம் என்று நினைத்தாள்.

ஒரு வருஷம் கழித்து ஒரு பல் டாக்டர் கடைக்கு வந்தார். தன் பழைய காரிலிருந்து கழற்றிய ஒரு முழு போல்ட்டைக் கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்தார். அதற்கு வாஷர் வேண்டும் என்றார். அதே தலை. அவள் நகத்தில் உருட்டி, "இரண்டரை நூல்" என்றாள். டாக்டர் சிரித்தார்.

"எல்லாரும் ஏமாறுற இடம்மா இது. தலை அங்குலம், உடம்பு மில்லிமீட்டர். எட்டு மில்லி, ஒரு மில்லிக்கு ஒரு மரை. எஞ்சின் செஞ்சவங்களுக்கு மெஷின் வெளியூர்லேர்ந்து வந்திருக்கு, அது மில்லிமீட்டர் மெஷின். ஆனா மெக்கானிக்குங்க கையில இருந்த ஸ்பேனர் அங்குலம். அதனால தலையை மட்டும் ஸ்பேனருக்கு ஏத்த மாதிரி வெச்சுட்டாங்க. ரெண்டுங்கெட்டான். இரண்டரை நூலைப் போட்டா மூணு சுத்து போகும். நாலாவதுல பிடிக்கும். அழுத்தினா போச்சு."

அவள் வாஷரை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் போன பிறகு சுவரிலிருந்த கேஜை எடுத்துத் தூசி தட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதை அப்புறம் கழற்றவேயில்லை.

அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் கடை அவள் பெயருக்கு மாறி அப்போதுதான் ஒரு வாரம் ஆகியிருந்தது. அடுத்த மாதம் சொல்லலாம் என்று ஆறப்போட்டாள். அடுத்த மாதம், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. அப்படியே மாமனார் போய்ச் சேர்ந்தார், அண்ணன் மகளுக்குக் கல்யாணம் ஆனது, பத்து வருஷம் ஓடிவிட்டது. அவள் ஷோரூம் இருக்கிற பக்கம் செருப்பு வாங்கப் போவதில்லை. ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். அண்ணன் அந்தக் கண்ணாடிக் கதவை இரண்டு விரலால் பிடித்து, அப்பளத்தைத் தூக்குகிற மாதிரித் திறந்தார். கை கனம் என்று பயம். அவள் செருப்பு வாங்காமல் திரும்பிவிட்டாள்.

இப்போது கதைக்கு வருவோம். போன மாசி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு திங்கட்கிழமை, அண்ணி போன் செய்தாள்.

"சனிக்கிழமை காலையில பழைய இரும்புக்காரர் வர்றார். காரை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டார் உங்க அண்ணன்."

"எதுக்கு அண்ணி திடீர்னு?"

"திடீர்னு என்ன, பதினோரு வருஷமா கொல்லையில தார்ப்பாய் போட்டு நிக்குது. அதுல பூனை நாலு தலைமுறை குடித்தனம் நடத்தியாச்சு. கார் போனாப் போகட்டும். ஸ்பேனர் மூட்டையையும் சேர்த்து எடைக்குப் போடச் சொல்றார். அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கார் போனால் ஒரு பாரம் குறைந்தது. ஸ்பேனரும் போனால், அண்ணன் தன் கை கெட்ட கைதான் என்று முடிவாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஆனால் கெட்டது கை இல்லை, அவள் கொடுத்த போல்ட்டு. சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

வெறுங்கையோடு போய் வாயால் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. சரியான போல்ட்டு இரண்டை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். போல்ட்டுக்கடைக்காரியின் புத்தி அப்படித்தான் போகும்.

செவ்வாய்க்கிழமை தன் கடையின் நானூற்றுப் பதினாறு இழுப்பறையையும் கவிழ்த்தாள். எட்டு மில்லியில் நெருக்க மரை இருந்தது, குட்டையாக. நீளம் இருந்தது, மரை அகலமாக. புதன்கிழமை பழைய இரும்புச் சந்தையில் போல்ட்டுக் குவியலுக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை தலையால் தண்ணீர் குடித்தாள். குவியல்காரன் ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு மரை கழண்டுடுச்சு போல" என்று பக்கத்துக் குவியல்காரனிடம் சொன்னான். அக்கா காதில் விழுந்தது. அவள் அதை ஆட்சேபிக்கும் நிலையில் இல்லை. வியாழக்கிழமை இரும்பைக் கடைகிற லேத்துக்காரரிடம் போனாள்.

"வழிச்ச துளையைப் பெரிசாக்கி, புஷ்னு ஒரு குழாய்த் துண்டை அடிச்சு, அதுக்குள்ள புதுசா மரை போட்டுத் தரேன்க்கா. அது அரை நாள் வேலை. ஆனா போல்ட்டு நான் கடைஞ்சு தர மாட்டேன். பேரிங் மூடிக்கு லேத்துல கடைஞ்ச போல்ட்டை நானே நம்ப மாட்டேன்."

"எங்க கிடைக்கும்?"

"அதே மாதிரிக் கார் வேற யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டதான்."

அதே மாதிரிக் கார் யாரிடம் இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷமாகப் பல் வலித்தால்கூட வேறு டாக்டரிடம் போகிறவள் அவள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பல் டாக்டரிடம் போனாள். உள்ளே நாற்காலியில் ஒரு அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தாள். டாக்டர் அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தபடியே, "சொல்லுங்க" என்றார். அக்கா சொன்னாள். டாக்டர் கண்ணால் அலமாரியைக் காட்டினார். பல் அச்சுகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடியில் எண்ணெயில் ஊறிக்கொண்டு எட்டு போல்ட்டு.

"இருக்கு. ஆனா கண்டவங்க கையில குடுக்க மாட்டேன். யார் போடப்போறாங்க?"

"எங்க அண்ணன். முன்னாடி பட்டறைத் தெருக் கோடியில இருந்தார்."

டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "அந்த முரட்டுக்கையா? அந்தக் காரோட பழைய ஓனர் என் சிநேகிதர்தான். நல்ல எஞ்சின்ல ரெண்டு மரையையும் பிச்சு வெச்சார்னு சொல்லியிருக்கார். மன்னிச்சுக்கங்கம்மா. அவருக்கு இல்லை."

அக்கா கேஜைப் பிடித்துக்கொண்டாள். இதைச் சொல்லாமல் போல்ட்டு கிடைக்காது. எப்படியாவது பூசி மெழுகலாமா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

"மரையைப் பிச்சது அவர் இல்ல டாக்டர். நான்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று மரைத் துண்டு, இரண்டரை நூல், நாலாவது சுற்று, புது மரை அப்படித்தான் இருக்கும். கண்ணாடிக் கதவு வரைக்கும் சொன்னாள். டாக்டர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். நாற்காலியில் இருந்த அம்மாள் பாதியிலேயே தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தபடி கேட்டாள். கடைசியில் வாயிலிருந்த பஞ்சைக் கையால் எடுத்துவிட்டு, "உங்க அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலையா?" என்றாள்.

"இல்ல."

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர். அந்த அம்மாளைத்தான் சொன்னார்.

வேலை முடிந்ததும் ஜாடியிலிருந்து இரண்டு போல்ட்டை எடுத்து, பஞ்சில் துடைத்து, மாத்திரைக் கவரில் போட்டுக் கொடுத்தார். அக்கா அங்கேயே நின்று இரண்டையும் அளந்தாள். டாக்டர் ஜாடியை மூடினார். "என் வண்டியும் ரெண்டு வருஷமா பேரிங் சத்தம் போடுது. தொடத் தெரிஞ்ச ஆள் இல்லாம நிக்குது. அவர் வேலை செய்யறதா இருந்தா வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது இரும்புக்காரரின் வண்டி வாசலில் நின்றது. தார்ப்பாயை உருவியாகிவிட்டது. பூனைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து தங்கள் வீடு காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஸ்பேனர் கோணி ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தது. அண்ணன் ஷோரூமுக்குப் புறப்பட்டு, சீருடையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வா பாப்பா. என்ன இந்நேரத்துல?"

"அண்ணா, அந்த போல்ட்டு நான் தப்பாக் குடுத்தேன்."

எந்த போல்ட்டு என்று அவர் கேட்கவில்லை. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் 'அந்த போல்ட்டு' என்றால் ஒன்றுதான். அவள் கவரைப் பிரித்து, பழையதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னாள். லேத்துக்காரர் துளைக்குப் புது மரை போட ஒப்புக்கொண்டதையும், தனக்கு எப்போது தெரிந்தது என்பதையும் சொன்னாள். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

இரும்புக்காரர் காரின் மட்கார்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்.

"அழுத்திப் போடுன்னு சொன்ன" என்றார் அண்ணன்.

"ஆமா."

"அதை நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க அண்ணிகிட்டகூட."

"தெரியும்."

"சொல்லியிருந்தா உங்க மாமனார் கடையைப் பிடுங்கியிருப்பார். நீ என்ன பண்ணுவ, நீ சொன்னது சரிதான், என் கைதான் அளவு தெரியாமப் போட்டுடுச்சுன்னு நினைச்சேன். போல்ட்டு தப்பா இருக்கும்னு ஒரு நாள்கூட நினைக்கல." நிறுத்தினார். "உனக்குப் பத்து வருஷமாத் தெரியும்."

"ஆமாண்ணா."

"பத்து வருஷம் என் கையை நான் நம்பல. பேத்தியைத் தூக்கறதுக்குப் பயந்தேன். அது தெரியுமா உனக்கு?"

அது அவளுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்று இருந்தது, அது வரவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. அதை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணன் தொப்பியைக் காரின் பானெட்மேல் வைத்தார். வண்டிக்குப் போய்க் கோணியை இறக்கினார். இரும்புக்காரர், "சார், அது எடை போட்டாச்சு" என்றார். "கழிச்சுக்கங்க" என்றார் அண்ணன். முடிச்சு இறுகியிருந்தது. கத்தி கேட்காமல் விரலாலேயே பிரித்தார்.

பிறகு தங்கச்சியிடம் வந்து கையை நீட்டினார். அவள் போல்ட்டை வைத்தாள். அவர் கையை மடக்கவில்லை.

"கேஜைக் குடு."

"நான் அளந்துட்டேன்ண்ணா. மூணு தடவை."

"தெரியும். குடு."

அவள் பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் கயிற்றைக் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் தகடுகளை ஒவ்வொன்றாக விரித்தார். ஒரு மில்லித் தகட்டைப் பிரித்து, முதல் போல்ட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பல்லை மரைமேல் வைத்தார். நுனியில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கழுத்தருகே ஒரு தடவை. இரண்டாவதுக்கும் அப்படியே. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்ததை அவர் அளந்து அவள் பார்த்ததேயில்லை.

"சரியா இருக்கு" என்றார். பாப்பா என்று சேர்க்கவில்லை. "லேத்துக்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லு."

இரும்புக்காரர் வந்ததற்கு ஏதாவது கொடுங்கள் என்று நின்றார். அண்ணி ஒரு ஓட்டைப் பக்கெட்டையும் காரை மூடியிருந்த தார்ப்பாயையும் கொடுத்து அனுப்பினாள். ஷோரூம்காரர்கள் மத்தியானம் போன் செய்தபோது அண்ணன் எஞ்சினுக்கு அடியில் இருந்தார்.

கார் இப்போது ஓடுகிறது. பல் டாக்டரின் காரும் ஓடுகிறது. முரட்டுக்கை என்று யாரும் சொல்வதில்லை. தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, சொன்னது அக்காவேதான். கொஞ்ச நாள் வியாபாரம் மந்தமாகி, அப்புறம் சரியாகிவிட்டது. அண்ணன் வாரம் இரண்டு தடவை கடைக்கு வருகிறார். வேண்டியதைச் சொல்வார். அக்கா இழுப்பறையைத் திறந்து, எடுத்து, அளந்து, மேஜைமேல் வைப்பாள். பிறகு கேஜைக் கழற்றி அவரிடம் நீட்டுவாள். அவர் எத்தனை போல்ட்டு இருந்தாலும் ஒவ்வொன்றாக அளப்பார். பின்னால் நிற்கிறவர்கள் காத்திருப்பார்கள். அக்காவும் காத்திருப்பாள். முடிந்ததும் கேஜை மடக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, "சரியா இருக்கு" என்று சொல்லிப் போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்.